தம்பூரா மைக்கில் கசிந்த பிறகு: மூடிய ஹெட்போன் தேடிய அனுபவம்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டிலேயே என் மனைவி கர்நாடக இசை கற்பிக்கிறார். வெளியூர் மாணவர்களுக்கான பாடங்களைப் பதிவு செய்து அனுப்புவது என் பொறுப்பு. சென்ற ஆண்டு, கைவசம் இருந்த, பின்புறம் திறந்து ஒலியை வெளியே விடும் ஓப்பன் பேக் ஹெட்போனில் செயலியின் தம்பூராவைக் கேட்டபடி அவர் எட்டு வர்ணங்களைப் பாடினார். பின்னர் செயலியின் ஒலிக்குப் பதிலாக மெய்யான தம்பூராவைச் சேர்க்க முயன்றபோதுதான் தவறு தெரிந்தது. ஹெட்போனிலிருந்து கசிந்த பழைய சுருதி குரலோடு சேர்ந்தே மைக்கில் பதிந்திருந்தது; மயிரிழை அளவு விலகிய இரண்டு சுருதிகள் மோதி, அவர் மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் அலை அலையாகக் கேட்டன. நான் முயன்ற எந்த மென்பொருளாலும் அதை நீக்க முடியவில்லை.

அதன் பிறகே, பின்புறம் மூடிய ஸ்டுடியோ ஹெட்போன் ஒன்றை 12,000 ரூபாய்க்குள் வாங்குவதென்று முடிவு செய்தேன். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களில் நான் பொருட்படுத்தியது, ஹெட்போனின் மின்தடுப்பைக் குறிக்கும் ஓம் ஒன்றைத்தான். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் வகைகளில் கிடைக்கிறது. 250 ஓம் வகை கூடுதல் மின்னழுத்தம் கேட்பதால், யுஎஸ்பி மின்சாரத்தில் இயங்கும் மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் எங்களுடைய சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸில் ஒலி மெலிந்துவிடலாம். 1991இல் வெளிவந்த சோனி எம்டிஆர் 7506க்கு 63 ஓம், ஆடியோ டெக்னிகா ஏடிஎச் எம்40எக்ஸ்க்கு 35 ஓம். இவ்விரண்டிலும் அந்தக் கவலை இல்லை.

அணிந்து பார்க்க அனுமதிக்கும் கடையை ரிச்சி தெருவில் தேடிப் பிடிக்க ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது. மிருதங்கத்துடன் கூடிய எங்கள் பதிவையே போட்டுக் கேட்டேன். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற கீழ் ஒலி எதிலும் எழவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றியதும் எழுந்தது. கண்ணாடிச் சட்டம் ஹெட்போனின் காது மெத்தைக்கும் தலைக்கும் நடுவே உண்டாக்கும் சிறு சந்து போதும், கீழ் ஒலிகள் குன்றிவிடும். அதே சந்தின் வழியே தம்பூராவும் மைக்கை எட்டும். என் மனைவியும் கண்ணாடி அணிபவர் என்பதால், கண்ணாடியுடன் அணிந்து பார்க்காமல் யாரும் வாங்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

சென்னையில் மெத்தையைப் பற்றியும் யோசித்தாக வேண்டும். பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுகிறோம். மே மாத வியர்வையில், முன்பு வைத்திருந்த ஒரு ஹெட்போனின் செயற்கைத் தோல் கருஞ்செதில்களாக உரிந்து காதில் ஒட்டியது. வெல்வெட் போன்ற துணி மெத்தை காதுக்கு இதம், ஆனால் ஒலியைச் சற்றுக் குறைவாகவே அடைக்கும். ஆகவே மெத்தையையும் கேபிளையும் எளிதில் மாற்றக்கூடிய எம்40எக்ஸ் எங்களுக்குப் பொருந்தியது. அதில் காதை மூடும் கிண்ணங்களில் ஒன்றைத் திருப்பிவிட்டு, தன் குரலை நேராகக் கேட்டபடி பாடுவது மனைவிக்குப் பழக்கமாகிவிட்டது; விலக்கிய கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தலையோடு ஒட்டி வைக்காவிட்டால் கசிவு மீண்டும் வந்துவிடும்.

புதிதில் தலையை இறுக்கிப் பிடித்தது. சில வாரங்களில் தளர்ந்தது. பாடாமல் ஹெட்போனை மட்டும் அணிந்து, வழக்கமான ஒலியளவில் தம்பூராவை ஓடவிட்டு ஒரு நிமிடம் பதிவு செய்து பார்த்தோம். பதிவின் ஒலியை முழுதாக ஏற்றிய பிறகும் தெருவில் போன ஆட்டோவின் சத்தம்தான் கேட்டது. அன்று மாலையே முதல் வர்ணத்தைத் திரும்பப் பாடத் தொடங்கினார்.