9/32 அங்குலப் பழைய ராட்செட்டைத் தேய்த்துக் கால் அங்குலமாக்கலாமா?

பாளைவாசி:

அனைவருக்கும் வணக்கம். விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்த என் தாத்தாவின் தகரப் பெட்டி ஒன்று, சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து இறங்கியது. உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றியபடி, நட்டை ஒரு திசையில் மட்டும் பிடித்துச் சுற்றும், உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய ராட்செட் ஒன்றும், ஸ்க்ரூடிரைவரைப் போலத் தோன்றினாலும் முனையில் சதுரம் உள்ள, தேன் நிறப் பிடி போட்ட ஸ்பின்னர் ஒன்றும், நட்டின் தலையில் மாட்டும் ஒன்பது சாக்கெட்டுகளும் இருந்தன. ராட்செட்டில் ஸ்னாப்-ஆன் என்ற பெயரும் எம்-70 என்ற எண்ணும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிகின்றன. ஸ்பின்னரில் இங்கிலாந்தில் செய்தது என்பதைத் தவிர வேறு எழுத்து மிஞ்சவில்லை.

சிக்கல் என்னவென்றால், ஒன்பது சாக்கெட்டுகளில் நான்குதான் ராட்செட்டில் ஏறுகின்றன. மற்ற ஐந்தும் வாயிலேயே நின்றுவிடுகின்றன. அந்த ஐந்தும் ஸ்பின்னரில் கச்சிதமாக உட்காருகின்றன. ராட்செட்டில் ஏறிய நான்கை ஸ்பின்னரில் மாட்டினால் கடகடவென்று ஆடுகின்றன. டவுனில் ஒரு பட்டறையில் காட்டியபோது, ராட்செட்டில் சாக்கெட் மாட்டும் சதுர முனையை நாலு பக்கமும் கொஞ்சம் தேய்த்துவிட்டால் கால் அங்குலமாகிவிடும், கடையில் விற்கும் சாக்கெட் எல்லாம் போடலாம் என்றார்கள். தேய்க்கக் கொடுக்கலாமா?

இதனோடு வேறு மூன்று ஐயங்களும் உண்டு. ராட்செட் வெறுங்கையில் நன்றாகக் கிளிக் கிளிக் என்று சுற்றுகிறது, ஆனால் இறுகிய நட்டில் வைத்து அழுத்தினால் நழுவிவிடுகிறது. ஸ்பின்னரின் பிடியில் வெள்ளை பூத்து, பெட்டியைத் திறந்தாலே காறிப்போன வெண்ணெயின் நாற்றம் அடிக்கிறது. இரண்டையும் முலாம் பூசும் கடையில் கொடுத்துப் பளபளப்பாக்கிக்கொள்ளலாமா என்றும் யோசனை. இந்த வகைச் சிறு கருவிகளையே தொடர்ந்து சேர்க்கலாம் என்ற ஆசையும் வந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பேட்டை லேத்:

தம்பி, அதைத் தேய்க்கக் கொடுத்துவிடாதீர்கள். நானும் லேத் வைத்துத்தான் பிழைக்கிறேன், அதனால் தொழில் பொறாமையில் சொல்வதாக நினைக்க வேண்டாம். முதலில் ஒரு வெர்னியர் அளவுகோலை வைத்து அந்தச் சதுரத்தை அளந்து பாருங்கள். கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீட்டர் வரும், உங்களுடையது 7.1 மில்லிமீட்டரை ஒட்டி வரும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஸ்னாப்-ஆன் நிறுவனம் தன் சிறு கருவி வரிசைக்கு முதலில் வைத்திருந்த அளவு 9/32 அங்குலம். அந்த வரிசையைக் குள்ளன் என்ற பொருளில் மிட்ஜெட் என்று அழைத்து, எண்ணுக்கு முன்னால் எம் என்ற எழுத்தைப் போட்டார்கள். பிறகு கால் அங்குல வரிசை வந்தபோது அதற்கு டி.எம். என்று இரண்டு எழுத்து வைத்தார்கள். ஆகவே எம்-70 என்பது 9/32, டி.எம்.-70 என்பது கால் அங்குலம். ஓர் எழுத்தில்தான் வேறுபாடு. வாங்கும் இடத்தில் இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் ஏமாந்தவன் நானே.

தேய்த்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாக்கெட்டைப் பிடித்துக்கொள்வதற்காகச் சதுரத்தின் ஒரு பக்கத்தில் ஒரு குண்டு, அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங், அவை வெளியே விழாதபடி குழியின் வாயை லேசாக மடக்கிவிட்ட ஓரம் என்று ஒரு சிறு ஏற்பாடு இருக்கிறது. பக்கத்துக்கு 0.4 மில்லிமீட்டர் தேய்த்தால் முதலில் போவது அந்த ஓரம்தான். குண்டு தெறித்து எங்கோ போகும், சாக்கெட் நிற்காது. கல்லில் தேய்க்கும் சூட்டில் எஃகின் பதமும் இறங்கும். பிறகு கொஞ்சம் பலமாக அழுத்தினாலும் சதுரம் முறுக்கிக்கொள்ளும்.

நழுவுவது நாக்கின் குற்றம். பல்சக்கரத்தின் பல்லில் போய் விழும் நாக்கின் பின்னால் மயிரிழை போன்ற ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. அது தளர்ந்திருக்கலாம், ஆனால் பத்துக்கு எட்டு முறை அங்கே பழைய கிரீஸ் மெழுகாக இறுகிப்போய் நாக்கு பாதிப் பல்லில் மட்டும் உட்கார்ந்திருக்கும். சும்மா சுற்றும்போது சத்தம் ஒழுங்காகக் கேட்கும், சுமை வந்ததும் பல்லின் நுனியைத் தாண்டிவிடும். தலையின் மூடியைக் கழற்றுமுன் ராட்செட்டை ஒரு தெளிவான பாலித்தீன் பைக்குள் வைத்து, கையையும் உள்ளே விட்டுக்கொண்டு கழற்றுங்கள். குண்டும் ஸ்பிரிங்கும் பறந்தால் பைக்குள்ளேயே கிடக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். மீண்டும் கிரீஸ் அடைக்கக் கூடாது. தேங்காய் எண்ணெயும் கூடாது. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் அதை விடும் பழக்கம் இருக்கிறது, ஆனால் அது குளிர் நாளில் உறைந்துவிடும்.

ஸ்பிரிங் உண்மையிலேயே போயிருந்தால், வீணைக்குப் போடும் மெல்லிய எஃகுத் தந்தியை வாங்கி, ஒரு டிரில் பிட்டின் காம்பில் சுற்றிச் செய்துகொள்ளலாம். பழைய ஸ்பிரிங்கின் சுற்றுகளை எண்ணி அதே அளவு சுற்றுங்கள். பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கை வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சந்திப்பு மெக்கானிக்:

இவ்வளவு பாடு எதற்கு? இன்று 72 பல் உள்ள ராட்செட் சாதாரணக் கடையிலேயே கிடைக்கிறது. 360 பாகையை 72 ஆல் வகுத்தால் ஐந்து பாகை நகர்த்தினாலே அடுத்த பல் பிடித்துவிடும். பழையதில் 24 பல் இருந்தால் பதினைந்து பாகை கை வீச வேண்டும், இடுக்கில் அதற்கு ஏது இடம்?

பேட்டை லேத்:

அண்ணாச்சி சொல்வது வேலைக்குச் சரி. ஆனால் கேட்டவர் சேர்ப்பதைப் பற்றிக் கேட்கிறார். மேலும், பல் பொடியாக ஆக ஆகத் தூசியைத் தாங்காது. என்னிடம் பெயர் அழிந்த 30 பல் ராட்செட் ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு பாகை வீச வேண்டும். மணலில் விழுந்தாலும் உதறிவிட்டு வேலை பார்க்கிறது.

அம்பை மீட்டர் பிரிவு:

ஸ்பின்னரில் ஏறும் அந்த ஐந்து சாக்கெட்டுகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. அவற்றின் மேல் 0, 2, 4 போன்ற எண்களும் பி.ஏ. என்ற எழுத்துகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மின்மீட்டர், ரிலே, சுவிட்ச் போர்டு ஆகியவற்றைப் பழுது பார்ப்பதிலேயே நாற்பது ஆண்டுகள் போனவன் என்ற முறையில், ஆலைத் தொழிலாளியின் பெட்டியில் அவை இருப்பதில் எனக்கு வியப்பில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த இயந்திரங்களின் மின்பகுதிகளில் பெரும்பாலும் அந்த மரைதான் இருந்தது.

பி.ஏ. என்பது பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அறிவியல் சங்கம் 1884இல் வகுத்த சிறு மரைகளின் வரிசை. ஆங்கிலேயர் வகுத்தது என்பதால் அங்குலக் கணக்கு என்று நினைப்போம், ஆனால் சுவிட்சர்லாந்துக் கடிகார மரையைப் பின்பற்றியதால் அதன் அடிப்படை மில்லிமீட்டர். 0 பி.ஏ. திருகின் விட்டம் 6 மில்லிமீட்டர், மரையின் இடைவெளி 1 மில்லிமீட்டர். அடுத்தடுத்த எண்ணுக்கு இடைவெளி முந்தையதில் பத்தில் ஒன்பது பங்காகக் குறைந்துகொண்டே போகும். எண் கூடினால் திருகு சிறியது. இன்றைய 6 மில்லிமீட்டர் திருகுக்கும் இடைவெளி 1 மில்லிமீட்டர்தான் என்பதால் அதை 0 பி.ஏ. துளையில் திணித்து ஏற்றிவிடுகிறார்கள். மரையின் கோணமோ ஒன்றில் 60 பாகை, மற்றதில் 47.5 பாகை. இரண்டு முறை கழற்றி மாட்டினால் துளை வீணாகும்.

நட்டின் தலைக்கு வருவோம். 2 பி.ஏ. நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 8.2 மில்லிமீட்டர். 8 எண் சாக்கெட் ஏறாது, 9 போட்டால் முனை மழுங்கும். 4 பி.ஏ. என்றால் 6.3. எனவே உங்கள் பெட்டியில் இருப்பவை ஒரே செட்டின் மிச்சங்கள் அல்ல. 9/32 அங்குல அமெரிக்கக் குடும்பம் ஒன்றும், கால் அங்குல ஆங்கிலக் குடும்பம் ஒன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கின்றன. இயந்திரத்தின் பெரிய நட்டுகளுக்கு வேறு பெட்டி இருந்திருக்கும். அதையும் தேடுங்கள்.

ஸ்பின்னரின் பிடிக்குப் பின்பக்கம் சதுரத் துளை இருக்கிறதா? இருந்தால் அங்கே ஒரு கால் அங்குல ராட்செட்டைச் செருகிக்கொள்ளலாம். விரலால் உருட்டி நட்டை ஓடவிடுவதற்கு ஸ்பின்னர், கடைசி இறுக்கத்துக்கு ராட்செட் என்பதுதான் முறை. பிஞ்சுத் திருகை ராட்செட்டால் இறுக்கத் தொடங்கினால் எப்போது முறிந்தது என்றே கைக்குத் தெரியாது.

முத்துநகர் உப்புக்காற்று:

நாற்றத்துக்குக் காரணம் பிடியின் பிளாஸ்டிக். செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட் என்ற வகை நாளாக நாளாகச் சிதையும்போது பியூட்டிரிக் அமிலத்தை விடுகிறது. காறிய வெண்ணெயில் இருப்பதும் அதே அமிலம், ஆகவே உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் வெள்ளை போய்விடும். நிழலில் காற்றாட உலர்த்துங்கள். தின்னரோ நகப்பூச்சு அழிக்கும் திரவமோ படக்கூடாது, பிடி இளகி விரல் ரேகை பதிந்துவிடும். மூடிய பெட்டியில் ராட்செட்டோடு சேர்த்து வைக்காதீர்கள். அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். இங்கே கடல் காற்றிலேயே போதிய துரு எங்களுக்கு உண்டு என்பதால் இதை அனுபவித்து அறிந்தேன்.

முலாம் கடைக்கு நான் எதிரி. ஒரு முறை நல்ல ராட்செட் ஒன்றைக் கொடுத்தேன். பஃபிங் சக்கரத்தில் போட்டு எழுத்தை எல்லாம் மழித்து, கண்ணாடி போல ஆக்கித் தந்தார்கள். அது எந்த ஊரில் செய்தது என்று இன்று எனக்கே சொல்ல முடியாது. அமிலத்தில் முக்கும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து கடினமான எஃகு நொறுங்கும் தன்மை அடைவதும் உண்டு. இன்னொரு எச்சரிக்கை: இரண்டாம் உலகப் போரின்போது நிக்கலுக்கும் குரோமியத்துக்கும் அமெரிக்காவில் கட்டுப்பாடு இருந்ததால், பல கருவிகளுக்குக் காட்மியம் பூசினார்கள். மங்கிய சாம்பல் நிறத்தில், சில இடங்களில் மஞ்சள் ஓடியிருந்தால் அதை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நஞ்சு. புளித்தண்ணீரில் ஊறப்போடுவதும் வேண்டாம், துருவோடு காட்மியமும் கரைந்துவிடும். எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

சேர்ப்பதைப் பற்றி என் கருத்து: ஒரே அளவுச் சதுரத்தை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். புதுப்புதுக் கடைகளைத் தேடி அலைவதைவிட, ரேடியோ பழுது பார்த்தவர்கள், மோட்டார் காயில் கட்டியவர்கள் ஆகியோரின் பழைய மேஜை இழுப்பறைகள் மேல். காயலான் கடைக்கும் போகலாம். அந்தப் பெயரே நம் காயல்பட்டினத்தாரால் வந்தது என்பார்கள், ஆகையால் நமக்கு அங்கே உரிமை உண்டு. காலம் கணிக்கச் சில அடையாளங்கள் உதவும். மேற்கு ஜெர்மனி என்று பொறித்திருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸின் ப்ளோம்ப் நிறுவனம் பெயர் வழக்கு ஒன்றில் தோற்று, 1948இல் தன் கருவிகளின் பெயரைப் புரோட்டோ என்று மாற்றியது. எனவே ப்ளோம்ப் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. முதுகில் பொத்தானை அழுத்தினால் சாக்கெட் கழலும், அமெரிக்காவின் சியர்ஸ் கடை விற்ற கிராஃப்ட்ஸ்மேன் ராட்செட் என்றால், அந்தப் பொத்தானுக்கு 1965இல்தான் காப்புரிமை கிடைத்தது. அதைக் கண்டுபிடித்தபோது பீட்டர் ராபர்ட்ஸ் அதே சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பதினெட்டு வயதுப் பையன். உரிமையைப் பத்தாயிரம் டாலருக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் அதே கடையோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்.

பாளைவாசி:

அனைவருக்கும் நன்றி. சதுரம் 7.12 மில்லிமீட்டர். பைக்குள் வைத்துக் கழற்றியதில், பேட்டை அண்ணாச்சி சொன்னபடியே கறுப்பு மெழுகு ஒரு சுண்டு விரல் நகம் அளவுக்கு வந்தது. ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தது. கழுவி எண்ணெய் விட்டபின் சத்தமே மாறிவிட்டது, சைக்கிள் பின்சக்கர நட்டில் வைத்து முழுக் கையால் அழுத்தியும் நழுவவில்லை. ஐந்தில் நான்கு சாக்கெட்டுகளில் பி.ஏ. எண் இருக்கிறது. ஐந்தாவதில் எண் அழிந்திருக்கிறது, ஆனால் 2 பி.ஏ. சாக்கெட்டை விட ஒரு படி சிறியது. ஸ்பின்னரின் பின்னால் சதுரத் துளை உண்டு. அதில் தாத்தா தக்கை ஒன்றை அடைத்து வைத்திருந்தார். தக்கையை எடுத்தபோது உள்ளே மடித்த காகிதத்தில் சுற்றிய சிறிய எஃகுக் குண்டு ஒன்று கிடந்தது. ராட்செட்டின் குண்டுக்கு மாற்றாக வைத்திருப்பார் போலும். அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது. அதைத் திரும்ப அங்கேயே வைத்துத் தக்கையை அடைத்துவிட்டேன்.