பருப்பு வேகும் தண்ணீர்

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். மழை பெய்தால் ஓடும் ஓர் ஓடை, அது சின்னாற்றில் சேரும், சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கும். வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் போடும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. பரிசோதனைப் பெட்டியை வாங்கி வந்து நேராகப் பரணில் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதைக் கீழே இறக்க வைத்தது என் நாத்தனார் மகனின் பல். ஒன்பது வயதுப் பையன், முன்பல்லில் பழுப்புக் கோடுகள். தண்ணீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகமானால் பல்லில் இப்படிக் கறை விழும். பிறந்ததிலிருந்து அவர்கள் வீட்டு போர் தண்ணீரைத்தான் குடிக்கிறான். தெருவிலேயே நல்ல தண்ணீர் என்று பேர் வாங்கியது அதுதான். பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நுரைக்கும். எங்கள் பழைய கிணற்றுத் தண்ணீரோ பாத்திரமெல்லாம் வெள்ளை படியவைக்கும். நாத்தனார் வீட்டுக்காரர், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வாங்கி எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்: கிணறு 980, போர் 520.

இரண்டிலும் ஃப்ளோரைடு மருந்தை விட்டுப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் இளஞ்சிவப்பாகவே நின்றது. போர் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் என்றால் ஃப்ளோரைடு அதிகம் என்று அர்த்தம். மூன்று தடவை செய்தேன், அதே மஞ்சள்.

"அண்ணா, இதைக் குடிக்காதீங்க."

"மீட்டரே நல்லா காட்டுது, நீ என்னம்மா புதுசா சொல்ற?"

சரி என்று ஒரு பாட்டிலை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். (பிளாஸ்டிக் பாட்டில்தான். ஃப்ளோரைடு பார்க்கக் கண்ணாடி ஆகாது.) 2.6 என்று வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே கிடையாது என்றால் 1.5 வரை போகலாம் என்பதுதான் இந்தியத் தரநிலை.

ஆய்வகத்து அம்மா விளக்கியதுதான் எனக்குப் புதிது. கால்சியம் நிறைய இருந்தால் அது ஃப்ளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடுமாம். கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் ஃப்ளோரைடு கரைந்தபடியே கிடக்கும், அதுவும் பாறை இடுக்கில் நாள்பட்டுத் தங்கிய ஆழத்துத் தண்ணீர் என்றால் இன்னும் அதிகம். பருப்பை வேகவிடாமல் அடம்பிடிப்பதும் அதே கால்சியம்தான். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்.

அதன் பிறகுதான் நோட்டு போட்டேன். மாதம் 1-ஆம் தேதி கிணற்றுச் சுவரில் பெயிண்ட் அடித்த இடத்திலிருந்து, கல் கட்டிய நாடாவை இறக்கி ஆழம் பார்ப்பேன். முதல் நான்கு மாதக் கணக்கு குப்பை. சாயங்காலம் மோட்டார் ஓடி முடித்த பிறகு அளந்திருக்கிறேன், மட்டம் இறங்கித்தானே இருக்கும்! இப்போது விடியற்காலையில், யாரும் மோட்டார் போடுவதற்கு முன்னால். போன ஐப்பசி, கார்த்திகை மழையில் தடுப்பணை நிரம்பி, 41 அடியில் கிடந்த தண்ணீர் 18 அடிக்கு வந்தது. தடுப்பணையை ஒட்டிய போரில் மஞ்சள் கொஞ்சம் குறைந்தது. நாத்தனார் வீட்டு போரில் அசையவே இல்லை. ஒரு வருட நோட்டை வைத்து இதற்குக் காரணம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

இதை எழுதிப் போட்டதற்கு ஓசூர் பக்கமிருந்து ஒரு பதில்:

அக்கா, நேரம் பார்த்து அளக்காமல் நாங்களும் ஏமாந்தோம். கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் தென்பெண்ணையில் நுரை மலைபோல் வரும், எல்லாரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். நாங்கள் கீழே தேங்கிய இடத்தில் கரைந்த ஆக்சிஜனை அளந்தோம். மதியம் இரண்டு மணிக்கு ஆறு ஆரோக்கியமாக இருந்தது. பாசி வெயிலில் விடும் ஆக்சிஜன் அது. மறுநாள் விடியுமுன் அதே இடத்தில் அளந்தால் பாதிகூட இல்லை. மீன் ஏன் காலையில் செத்து மிதக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. உங்கள் நாத்தனார் வீட்டில் இப்போது என்ன குடிக்கிறார்கள்?

தம்பி, குடிக்கக் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர். வராத நாளுக்குக் குடத்தில் பிடித்து வைக்கிறார்கள். ஆனால் பருப்புக்கு இன்னும் போர் தண்ணீர்தான் போகிறது. உலையில் ஊற்றினாலும் வயிற்றுக்குள்தானே போகிறது என்று நான் கேட்டால், குழாய்த் தண்ணீரில் குழம்பு ருசி வரவில்லை என்கிறாள். அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.