சுவருக்குத் தீ ஆகும், உறைக்குத் தண்ணீர்கூட ஆகாது: லேபில் கண்டதைப் பகிருங்கள்

செந்தூல் ஆகார்:
பாக்டீரியாவின் உறை (வெளியே சுற்றிய சர்க்கரைப் போர்வை), அதற்குள் இருக்கும் செல் சுவர் இரண்டையும் வைத்து கோலாலம்பூர் லேப்களில் என்னென்ன கண்ணில் படுகிறது, எங்கே சறுக்குகிறது என்று இங்கே போடலாம். தடித்த உறையுள்ள கிளெப்சியெல்லா பாக்டீரியாவில் தொடங்குகிறேன்.

கல்லீரல் சீழ்க்கட்டி மாதிரி, படிவத்தில் இனிப்புநீர் என்ற குறிப்பு. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் ஸ்ட்ரிங் டெஸ்ட் (நூல் இழுப்பு) பார்க்காமல் கல்ச்சர் தட்டை மூடாதீர்கள். இரத்த ஆகாரில் (இரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகம்) ஓர் இரவு வளர்ந்த காலனியை லூப்பால் தொட்டு மெதுவாகத் தூக்க வேண்டும். நூல் அறாமல் 5 மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் பாசிட்டிவ். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு இது புதிதில்லை, அதே கம்பிப் பதம்தான். உறைச் சர்க்கரை அளவுக்கு மீறிச் சுரப்பதால் வரும் இழுப்பு இது. கல்லீரல் கட்டியில் பெரும்பாலும் கே1, கே2 உறை வகைகள்.

வெடுக்கென்று தூக்கினால் நூல் அறும். இரண்டு, மூன்று நாள் பழைய தட்டில் காலனி காய்ந்து பொய் நெகட்டிவ் காட்டும். இன்னொன்று: இழுபட்டது எல்லாமே கொடிய வகை அல்ல, இழுபடாதது எல்லாம் சாதுவும் அல்ல. ரிப்போர்ட்டில் கண்டதை மட்டும் எழுதுங்கள்.

ஊதாக்கறை:
உறை ஸ்டெயின் சொதப்புவதற்கு முதல் காரணம், கிராம் ஸ்டெயின் (பாக்டீரியாவை ஊதா பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ் என்று பிரிக்கும் நிறமேற்றல்) கைப்பழக்கம். ஸ்மியர் (ஸ்லைடில் தடவிய மாதிரி) போட்டதும், அதைச் சூட்டில் ஒட்டவைக்கக் கை தானாக பர்னர் பக்கம் போகும். உறையில் 95 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். சூடு காட்டினால் சுருங்கிவிடும். செல்லும் சுருங்குவதால் சுற்றிலும் வெற்று வளையம் விழும், அதை உறை என்று நம்புகிறவர்களும் உண்டு.

உறைக்கான ஆன்தனி ஸ்டெயின் முறை இப்படி. கொழுப்பு நீக்கிய பால் ஒரு துளியில் காலனியைக் கலந்து மெல்லிசாக இழுங்கள். பாலின் புரதம்தான் பின்னணி நிறத்தைப் பிடிக்கும், பாலுக்குப் பதில் உப்பு நீர் போட்டால் பின்னணியே இராது. காற்றில் காயட்டும், தீ வேண்டாம். 1 விழுக்காடு கிரிஸ்டல் வயலெட் 2 நிமிடம். பிறகு 20 விழுக்காடு காப்பர் சல்ஃபேட் கரைசலால் கழுவி, ஒற்றி எடுங்கள். குழாய்த் தண்ணீர் படவே கூடாது. செல் அடர் ஊதா, பின்னணியும் ஊதா, நடுவில் வெளிர்நீலமாக உறை.

20 விழுக்காடு என்பது நீல நிறப் படிகத்துக்கான கணக்கு, 100 மில்லிக்கு 20 கிராம். வெள்ளைத் தூள் வாங்கியிருந்தால் அதில் நீர் இல்லை, 12.8 கிராம் போதும். இதைக் கவனிக்காமல் கலக்கி, உறை தெரியவில்லை என்று பாக்டீரியாவைத் திட்டுவது நியாயமில்லை லா.

ஸ்லைடு 40:
அக்கா, சாதாரண கிராம் ஸ்டெயினிலேயே உறை தெரியும் என்கிறார்களே?

ஊதாக்கறை:
தெரியாது தம்பி, தெரிவது உறை இருக்கும் இடம். சளி ஸ்மியரில் நிமோனியா தரும் நியூமோகாக்கஸ் ஈட்டி முனை வடிவில் இரண்டிரண்டாக நிற்கும், இளஞ்சிவப்புப் பின்னணியில் சுற்றிலும் நிறமேறாத ஒளிவட்டம். குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், முடிவாக அல்ல. 5 மைக்ரோகிராம் ஆப்டோச்சின் மருந்து ஏற்றிய வில்லை (6 மில்லிமீட்டர் அளவுடையது) வைத்து, கார்பன் டை ஆக்சைடில் ஓர் இரவு வளர்த்து, கிருமி வளராத வளையம் 14 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வந்தால்தான் பெயர் சொல்ல வேண்டும். குறைந்தால் பித்த உப்பில் கரைகிறதா பாருங்கள்.

ஜாலான் ஈப்போ மைக்ரோ:
சுவர் பக்கம் வருவோம். கிராம் பாசிட்டிவில் சுவரின் வலைப்பொருளான பெப்டிடோகிளைக்கான் 20 முதல் 80 நானோமீட்டர் தடிப்பு. நெகட்டிவில் சில நானோமீட்டர்தான், அதற்கு வெளியே கொழுப்புச் சவ்வு. ஆல்கஹால் பட்டதும் தடித்த சுவர் நீர் இழந்து இறுகி, ஊதாவும் அயோடினும் சேர்ந்த கூட்டை உள்ளே பூட்டிக்கொள்ளும். மற்றதில் வெளிச்சவ்வு கரைந்து நிறம் ஓடிவிடும்.

எனவே எல்லாம் நிறம் நீக்கும் அந்தச் சில விநாடியில்தான். அசிட்டோன் கலவை 2, 3 விநாடி. வெறும் 95 விழுக்காடு எத்தனால் என்றால் வழிவது தெளியும்வரை. கூடினால் பாசிட்டிவும் சிவக்கும். ஸ்மியர் தடித்திருந்தால் நெகட்டிவும் ஊதாவாக நிற்கும். 24 மணி நேரம் தாண்டிய கல்ச்சர், ஆண்டிபயாட்டிக் தொடங்கிய நோயாளி, இரண்டிலும் சுவர் சிதைந்திருக்கும், பாசிட்டிவ் நெகட்டிவாக ஏமாற்றும். நம் ஊர் மாலை மழைக்கு ஸ்லைடு காயவே காயாது. ஈரத்தோடு தீயில் காட்டினால் செல் வெந்துவிடும், பொறுங்கள்.

மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. கிராமில் தேடவும் வேண்டாம், பெனிசிலினுக்கு அங்கே வேலையும் இல்லை.

பங்சார் நைட் ஷிஃப்ட்:
மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ் பற்றி யாரும் எழுதவில்லையே? 1912இல் ரங்கூனிலிருந்து இதை விவரித்து எழுதியவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும். மறு ஆண்டே கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஆய்வக விலங்குகளில் இதே நோய் பரவியது. 1921இல் பெயர் வைத்தவர்களும் அங்கிருந்த ஸ்டான்டனும் பிளெட்சரும்தான். நம் ஊர்க் கிருமி என்றே சொல்லலாம்.

கிராமில் இரு முனையும் நிறமேறி, நடு வெளுத்து ஊக்கு போல நிற்கும். ஆக்சிடேஸ் நொதிச் சோதனையில் பாசிட்டிவான கிராம் நெகட்டிவ் கோல் வடிவக் கிருமி, ஜென்டாமைசின், பாலிமிக்சின் ஆண்டிபயாட்டிக்குகளுக்கு அசையவில்லை, கோ-அமாக்சிகிளாவுக்குப் பணிகிறது என்றால் உடனே பாதுகாப்புக் கேபினெட்டுக்கு மாற்றுங்கள். தட்டை மோந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். பாலிமிக்சின் பிடிப்பது வெளிச்சவ்வில் உள்ள லிப்பிட் ஏ என்ற கொழுப்பின் பாஸ்பேட்டை. இந்தக் கிருமி அதன்மேல் ஒரு சர்க்கரையை ஒட்டி மறைத்துவிடுகிறது. சரவாக்கில் ஜென்டாமைசினுக்குப் பணியும் வகைகள் நிறைய, அங்கிருந்து வரும் மாதிரியில் அந்த விதியை நம்பி ஒதுக்கிவிடாதீர்கள். இதற்கான கீற்று டெஸ்ட் (கர்ப்பச் சோதனை போன்ற பட்டை) பிடிப்பது இதன் உறைச் சர்க்கரையை.

செந்தூல் ஆகார்:
உறை என்றதும் தடுப்பூசியும் வந்துவிடுகிறது. உம்ரா, ஹஜ் போகிறவர்கள் போடுவது மூளையுறை அழற்சி தரும் மெனிங்கோகாக்கஸின் ஏ, சி, டபிள்யூ, ஒய் உறைகளுக்கு எதிரானது. பி ஏன் அதில் இல்லை? அதன் உறைச் சர்க்கரை நம் நரம்புச் செல்லில் இருப்பதைப் போலவே இருக்கிறது, உடல் அதை அந்நியமாக எண்ணுவதில்லை. எனவே பி-க்குத் தனியாகப் புரதத் தடுப்பூசி. 2 வயதுக்குக் கீழே வெறும் சர்க்கரைத் தடுப்பூசி எடுபடாது, புரதத்தோடு இணைக்க வேண்டும். தலசீமியாவுக்கு மண்ணீரல் எடுப்பவர்களுக்கு அறுவைக்கு 2 வாரமாவது முன்பே போட்டாக வேண்டும், உறையுள்ள கிருமியை இரத்தத்திலிருந்து வடிப்பது அந்த உறுப்புதான்.

ஸ்லைடு 40:
கடைசியாக ஒன்று. காப்பர் சல்ஃபேட் கழுவிய நீரை சிங்க்கில் விடலாமா?

ஊதாக்கறை:
கூடாது. தனிப் பாட்டிலில் சேர்த்து, லேபிள் ஒட்டி, ரசாயனக் கழிவோடு அனுப்புங்கள். உறை பார்க்கப் பின்னணியாகக் கலக்கும் கருப்பு மை, அந்த இந்தியன் இங்க் பாட்டிலையும் பாருங்கள் தம்பி. பழைய மையிலேயே கிருமி வளரும். வெறும் மை ஒரு துளியை முதலில் மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு மாதிரியைக் கலங்கள்.