அடையாற்றில் கழிவுநீர்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சைதாப்பேட்டையில் எங்கள் தெரு மழைநீர் வடிகால் அடையாற்றில் சேரும் இடத்தில், சுட்டெரிக்கும் வெயிலிலும் கறுத்த நீர் நுரைத்துக்கொண்டு கொட்டுகிறது. யாரோ கழிவுநீர்க் குழாயை வடிகாலில் இணைத்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? ஆற்றில் விழும் பந்தை எடுக்கப் பிள்ளைகள் அங்கேதான் இறங்குகிறார்கள். காலில் ஒரு சிராய்ப்பு இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே புகுந்துவிடும்.

அதிகாரிகளிடம் புகார் கொடுத்தோம். இவர் அவரைக் கைகாட்டுகிறார், அவர் இவரையே திருப்பிக் காட்டுகிறார். எனவே ஆதாரத்தோடு போகலாம் என்றிருக்கிறோம். குளிக்கும் நீரில் மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) எண்ணிக்கை 100 மில்லிலிட்டருக்கு 2,500-ஐத் தாண்டக்கூடாது என்பது மத்திய அரசு விதி. இந்தப் பரிசோதனைக்குத் தனியார் ஆய்வகத்தில் எவ்வளவு செலவாகும்? கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்து, அன்றே ஒப்படைக்க வேண்டுமாம்; நேரில் வந்து மாதிரி எடுப்பவர்கள் உண்டா? நாமே எடுத்தால் ‘எங்கே பிடித்த தண்ணீரோ’ என்பார்கள்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனு கொடுத்தவர்கள் இருந்தால் நடைமுறையைச் சொல்லுங்கள். கரையில் எச்சரிக்கைப் பலகை வைக்க யாரிடம் அனுமதி கேட்பது? பள்ளி விடுமுறைக்குள் அதையாவது நட்டுவிட வேண்டும்.