ட்ரோன் ரிமோட் ஆன்டெனா: ‘அலைபெருக்கி’ வேண்டாம்

குழும உறவுகளுக்கு வணக்கம்.

ட்ரோன் ரிமோட்டில் எட்டும் தூரத்தைக் கூட்ட மாட்டுகிற ஆன்டெனாவுக்கு என்ன பெயர் வைப்பது என்ற இழையில், நேற்றிரவு வரை வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். ‘அலைபெருக்கி’ என்ற சொல்லுக்கு ஆதரவு சேர்ந்துகொண்டே போகிறது. பேராசிரியர் ஐயா முன்வைத்த சொல் என்பதால் தயக்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஐயா பொறுத்தருள வேண்டும், அந்தச் சொல்லை நாம் ஏற்கக் கூடாது.

நான் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன், அதற்கொரு தமிழ்க் கையேடும் எழுதிவருகிறேன். போன மாதம் பயிற்சித் திடலில் ஒரு தம்பி ரிமோட்டில் புது ஆன்டெனா மாட்டிக்கொண்டு வந்தார். பழையது சுண்டுவிரல் நீளம், புதியது ஒரு சாணுக்கு மேல். ட்ரோன் மேலேறியதும் ஆன்டெனாவின் நுனியைத் துப்பாக்கி பிடிப்பதுபோல் அதை நோக்கி நீட்டினார். 300 மீட்டர் தாண்டுவதற்குள் ரிமோட் அலறத் தொடங்கிவிட்டது. “பவரைப் பெருக்குற ஆன்டெனாதான் அண்ணே, டப்பாவுலயே போட்டிருக்கு” என்றார். நுனியை வானத்தைப் பார்த்து நிமிர்த்தச் சொன்னேன். அவ்வளவுதான், சிக்னல் கோடுகள் மளமளவென்று ஏறின. அவர் கையில் இருந்த பொருளில் குறை ஒன்றும் இல்லை, அதன்மேல் எழுதியிருந்த ‘பெருக்கும்’ என்ற சொல்தான் அவரைத் தப்பாக வழிநடத்தியது.

நிமிர்ந்து நிற்கும் கம்பி ஆன்டெனாவிலிருந்து அலை பரவும் வடிவத்தை நான் உளுந்துவடையை வைத்துத்தான் விளக்குவேன். வடையின் ஓட்டையில் கம்பி செங்குத்தாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் இருக்கும் வடைதான் அலை. கம்பியின் நுனிக்கு நேர் மேலே ஓட்டை, அங்கே அலை இல்லை என்றே சொல்லலாம். தம்பி ட்ரோனை அந்த ஓட்டைக்குள்தான் வைத்திருந்தார்.

இனி, ‘கெயின்’, அதாவது ஒரு திசையில் அலையைக் குவித்துக் கூட்டும் அளவு, கூடிய ஆன்டெனா என்ன செய்கிறது? வடையை மேலும் கீழும் அழுத்தித் தட்டையாக்குகிறது. சுற்றளவு விரிகிறது, தடிமன் குறைகிறது, மாவின் அளவு மட்டும் மாறுவதில்லை. ரிமோட் தருகிற திறன் எதுவோ அதுவேதான், ஒரு துளிகூட ஏறாது. அதனால்தான் 2 டிபிஐ (டிபிஐ என்பது கெயினை அளக்கும் அலகு) கம்பியைக் கழற்றிவிட்டு 5 டிபிஐ கம்பி மாட்டினால் தொலைவில் தாழப் பறக்கும் ட்ரோனுக்குச் சிக்னல் நன்றாக இருக்கும், தலைக்கு நேர் மேலே 100 மீட்டரில் நிற்கும் ட்ரோன் தடுமாறக்கூடும். ‘பேட்ச்’ என்கிற பட்டை வடிவ ஆன்டெனா இன்னொரு வழியில் போகிறது. டார்ச் விளக்கின் கண்ணாடிபோல எல்லாவற்றையும் முன்பக்கமே திருப்பிவிடுகிறது. முன்னால் சுமார் 60, 70 பாகைக்குள் வெளிச்சம், முதுகுப்பக்கம் இருட்டு.

இதற்குப் ‘பெருக்கி’ என்று பெயர் வைத்தால் உண்மையான பெருக்கிக்கு என்ன பெயர் வைப்பது? தனியே மின்சாரம் எடுத்துத் திறனைக் கூட்டும் கருவி ஒன்று இருக்கிறது, அதைத்தான் நம் பள்ளிப் புத்தகம் பெருக்கி என்கிறது. இரண்டும் ஒரே கடையில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. பெயர் குழம்பினால் காசும் போகும், ட்ரோனும் போகும்.

இலங்கைப் பாடநூல்களில் கெயினுக்கு ‘நயம்’ என்ற சொல் உண்டு என்று யாழ்ப்பாண நண்பர் நினைவூட்டியிருந்தார். அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் மின்சுற்றுப் பெருக்கத்துக்கும் இதற்கும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? நான் முன்வைப்பது ‘குவிபேறு’. குவித்ததால் பெற்ற பேறு. ஆன்டெனா செய்கிற வேலை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சென்ற மடலில் ஓர் அம்மா ‘குவிமானம்’ போதாதா என்று கேட்டிருந்தார். அதுவும் வேண்டும், வேறு இடத்துக்கு வேண்டும். அலையை ஓர் ஆன்டெனா எவ்வளவு குவிக்கிறது என்கிற வடிவக் கணக்கு ஒன்று. கம்பியிலும் இணைப்பிலும் சூடாகி வீணாவது போக மிஞ்சும் கணக்கு இன்னொன்று. முதலாவது குவிமானம், இரண்டாவது குவிபேறு. மலிவான ஆன்டெனாக்களில் இந்த இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும். வாங்குபவர் பார்க்க வேண்டியது குவிபேறு.

டிபிஐ என்பதில் முன்னால் நிற்கும் ‘டிபி’ டெசிபெல், திறன் எத்தனை மடங்கு என்று ஒப்பிடும் அலகு. கடைசியில் நிற்கும் ‘ஐ’, எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அலை விடும் ஒரு கற்பனை ஆன்டெனாவைக் குறிக்கிறது. அதற்குச் ‘சமதிசை’ போதும். அரை அலைநீளக் கம்பிக்குச் சமதிசையோடு ஒப்பிட்டால் 2.15 டெசிபெல் குவிபேறு. அதை எடுத்துவிட்டு 8 டிபிஐ பட்டை ஆன்டெனா மாட்டினால் கிட்டத்தட்ட 6 டெசிபெல் ஏற்றம். தடையில்லாத வெட்டவெளியில் 6 டெசிபெல் ஏறினால் எட்டும் தூரம் இருமடங்காகும். தோப்புக்கு நடுவே அந்தக் கணக்கு நிற்காது.

தூரம் என்றதும் ‘வீச்சு’ என்று எழுதுகிறோம். இயற்பியல் புத்தகத்தில் வீச்சு என்பது அலையின் உயரம். ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் படிக்கிற பிள்ளை தவித்துப்போகும். நம் பேச்சிலேயே ‘எட்டம்’ இருக்கிறதே! “எட்ட நில்லு”, “கண்ணுக்கெட்டிய தூரம்”, “கைக்கு எட்டல” என்று நாள்தோறும் சொல்கிறோம். சிக்னல் எட்டுகிற தொலைவு எட்டம். இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆன்டெனாவுக்கே வருகிறேன். ‘அலைவாங்கி’ தொலைக்காட்சிக் காலத்துச் சொல். மொட்டைமாடிக் கம்பிக்கு அது பொருந்தியது, அது வாங்க மட்டும்தான் செய்தது. ரிமோட்டில் இருப்பது கட்டளையை அனுப்பவும் செய்கிறது, ட்ரோன் அனுப்பும் தகவலை வாங்கவும் செய்கிறது. ‘அலைக்கொம்பு’ என்போம் என்பது என் கருத்து. பூச்சிக்கு உணர்கொம்பு என்று முன்பே ஏற்றுக்கொண்டோம். கொடி பற்றி ஏறுவதும் கொழுகொம்புதான். லத்தீனில் ஆன்டென்னா என்றால் பாய்மரத்தில் பாய் கட்டும் குறுக்குமரம், நம் கடலோடிகளின் பருமல். கொம்பு என்ற சொல்லும் அந்த மர உறவை விடாமல் வைத்திருக்கிறது. ஊதுகுழல்போல வாய் விரிந்த ஒருவகை ஆன்டெனாவை ஆங்கிலத்தில் கொம்பு என்றே சொல்வதால் குழப்பம் வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கூம்புக்கொம்பு என்று பெயரிட்டால் தீர்ந்தது.

சுற்றிலும் பரப்புவது சுற்றுக்கொம்பு, ஒரு பக்கம் குவிப்பது திசைக்கொம்பு. ‘குவியலைக்கொம்பு’ என்ற பரிந்துரையை விட்டுவிடலாம். படித்ததும் நெற்குவியல்தான் கண்முன் வருகிறது. ‘எட்டநீட்டி’ என்ற பொதுப்பெயரும் வேண்டாம். எந்தத் திசையில் நீட்டும், எந்தத் திசையில் குறைக்கும் என்பதை அது மறைத்துவிடும். வாங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது சுற்றுக்கொம்பா திசைக்கொம்பா என்பதைத்தான். ட்ரோன் தன்னைச் சுற்றிப் பறக்குமா, ஒரே பக்கம் போய்த் திரும்புமா? அதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

சட்டம் தொடர்பாகவும் ஒரு சொல் தேவைப்படுகிறது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் பட்டையில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005 அறிவிக்கை வகுத்த உச்சவரம்பு 4 வாட். அந்த 4 வாட், கொம்பின் குவிபேற்றையும் சேர்த்த கணக்கு. 100 மில்லிவாட் ரிமோட்டில் 8 டிபிஐ திசைக்கொம்பு மாட்டினால், அந்தத் திசையில் சமதிசைக்கொம்பு ஒன்று சுமார் 630 மில்லிவாட் விட்டதற்கு ஈடு. ஆகவே ‘சமதிசை ஈடுதிறன்’. வரம்புக்குள் இருக்கிறோமா என்று பார்க்க இந்தச் சொல் கையேட்டில் கட்டாயம் வேண்டும்.

இணைப்பு முனைகளுக்கும் யாராவது நல்ல பெயர் சொல்லுங்கள். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இரு வகைத் திருகு முனைகளும் ஒன்றோடொன்று அழகாகத் திருகி ஏறிவிடும். ஆனால் நடுவில் ஊசிக்கு ஊசி முட்டும், இல்லையென்றால் துளைக்கு எதிரே துளை நிற்கும். துளைக்குத் துளை நின்றால் கொம்பு மாட்டியும் மாட்டாததற்குச் சமம். அந்த நிலையில் ரிமோட்டை இயக்கினால் உள்ளிருக்கும் சுற்று கருகவும் கூடும். பயிற்சியில் ‘ஊசித்திருகு’, ‘துளைத்திருகு’ என்று சொல்லிப் பார்க்கிறேன், பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு முடிவு தெரியாமல் நிற்பது ஒன்றே ஒன்று. ரிமோட் கொம்பு நிமிர்ந்தும் ட்ரோனின் கொம்பு படுத்தும் இருந்தால் 20 டெசிபெல் வரைகூடச் சிக்னல் இழக்கும். நூறில் ஒரு பங்குதான் கிடைக்கும். அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்கிற இந்தப் பண்பைத் தமிழ்நாட்டுப் புத்தகம் ‘தளவிளைவு’ என்கிறது, இலங்கையில் ‘முனைவாக்கம்’. இரண்டுமே திடலில் கத்திச் சொல்ல ஏற்ற சொற்கள் அல்ல. “அலைத்தளம் ஒக்கலை, கொம்பைச் சாய்” என்று சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. சுழன்று செல்லும் வகைக்கு வலஞ்சுழி, இடஞ்சுழி என்ற சொற்கள் ஆயத்தமாகவே இருக்கின்றன. ஆனால் ‘அலைத்தளம்’ என்றால் கணித ஆசிரியர்கள் அலைமுகப்போடு, அதாவது முன்னேறும் அலையின் முகத்தோடு, குழப்பிக்கொள்வார்களோ என்று ஐயமாக இருக்கிறது. பேராசிரியர் ஐயாவும் யாழ்ப்பாண நண்பரும் இதற்கு மட்டுமாவது இந்த வாரத்துக்குள் மறுமொழி தந்தால், கையேட்டின் மூன்றாம் இயலை அச்சுக்கு அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
ஒரு ட்ரோன் பயிற்றுநர்