மதிய உணவு: ஆயிரம் விளக்குப் பள்ளிதான் முதலா?

கூவக்கரை:
சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியை மதிய உணவின் பிறப்பிடம்னு எழுதுறவங்க 1920 செப்டம்பர் 16 மாநகராட்சித் தீர்மானத்தைக் காட்டுறாங்க. அதுல இருக்கிறது சாப்பாடு இல்ல, டிபன். தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல போகக் கூடாதுன்னு வரம்பு வேற. 1925ல நின்னும் போச்சு. 1956ல காமராசர் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்ததைத்தான் திட்டம்னு சொல்லணும்.

பழைய_ஏடு:
ஓரணான்னா ரூபாயில 16ல ஒரு பங்கு. நூறு பிள்ளைக்கு நாளைக்கு ஆறேகால் ரூபாய். மாசம் 24 நாள்னா 150 ரூபாய். வரிப்பணத்துல அன்னைக்கு இது சின்னத் தொகையா? வறுமையால பள்ளியில எண்ணிக்கை குறையுதுங்கிறதுதான் மாநகராட்சித் தலைவர் தியாகராயர் வெச்ச காரணம். அப்புறம் சேத்துப்பட்டு, மீர்சாகிப்பேட்டை உட்பட இன்னும் 4 பள்ளிக்குப் போச்சு. அந்தப் பள்ளிகள்ல 1922-23ல 811 பிள்ளைங்க, 1924-25ல 1,671.

கூவக்கரை:
அந்த 811 அஞ்சு பள்ளிக்கும் சேர்த்து. பலர் அதை ஆயிரம் விளக்கு தலையில மட்டும் ஏத்துறாங்க. அதுவும் சேர்க்கைக் கணக்கு. சேர்க்கைப் பதிவேட்டுல ஏறின பேரு, பையன் வராட்டியும் உடனே அடிபடாது. டிபன் பிள்ளைங்களை இழுத்துச்சான்னு பார்க்க தினசரி வருகைப் பதிவேடு வேணும், மதியத்துக்குப் பிந்தைய வருகையோட. போதாக்குறைக்கு சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டமும் அதே 1920தான்; சேர்க்கை கூட அதுவும் காரணமா இருக்கலாம்.

பழைய_ஏடு:
வருகைப் பதிவேடு விஷயம் சரி, ஒத்துக்கிறேன். ஆனா ‘நின்னு போச்சு’ன்னு சொல்லிட்டுக் காரணத்தை விட்டுட்டீங்களே. பிள்ளைங்க வராம நிக்கல. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து டிபன் செலவு எழுதக் கூடாதுன்னு அரசு தடுத்தது. 1925 ஏப்ரல் 1ல இருந்து நிறுத்தம். கணக்குத் தலைப்புத் தகராறு! ரெண்டு வருஷத்துல 25 பள்ளியில, 1,000 ஏழைப் பிள்ளைங்க வரைக்கும்னு மறுபடி வந்துச்சே.

கூவக்கரை:
பள்ளிக்குச் சராசரி 40 பேர். அப்போ யாரோ ஒருத்தர் ‘இவன் ஏழை, இவன் இல்ல’ன்னு பேர் குறிச்சாகணும். அதை மாநிலம் முழுக்கப் போன திட்டத்தோட ஒரே தராசுல வைக்க முடியாது.

மணிக்கூண்டு:
2022 காலை உணவுத் திட்ட அரசாணையே 1920 தீர்மானத்தைச் சொல்லுது. ‘முதல் மதிய உணவு’ன்னு போடாம ‘1920, ஓரணா டிபன்’னு பள்ளிச் சுவத்துல எழுதினா ரெண்டு பேருக்கும் ஆட்சேபம் உண்டா?

பழைய_ஏடு:
எனக்கு இல்ல. 1925ஐயும் காரணத்தோட சேர்த்து எழுதணும்.