1984 பென்ஸ் 240டி: ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

தோப்புக்காரன், கொழிஞ்சாம்பாறை
வணக்கம். கொல்லங்கோட்டில் ஒரு பெரியவரிடம் 1984 மாடல் பென்ஸ் 240டி விலைக்கு வருகிறது. டபிள்யூ123 பாடி (அந்தக் காலத்து பென்ஸ் மாடலின் கம்பெனிக் குறியீடு), நாலு கியர் மேனுவல். பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. ஆனால் ஸ்டியரிங்கை லேசாக ஆட்டினால் வண்டி கண்டுகொள்வதே இல்லை, வேகத்தடையில் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். கேட்டால் "பழைய பென்ஸ் எல்லாம் இப்படித்தான் தம்பி" என்கிறார். நிஜமா? ஞாயிறு மறுபடி ஓட்டப் போகிறேன், எந்த ரோட்டில் எடுத்தால் வண்டவாளம் தெரியும்?

டீசல் கிழவன்
பாதி நிஜம். அந்த வண்டியில் இருப்பது இப்போதைய கார்களில் வரும் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் இல்லை, உள்ளே உருளும் குண்டுகள் வைத்த பழைய ரீசர்க்குலேட்டிங் பால் பாக்ஸ், அதனால் நடுவில் கொஞ்சம் மந்தம் இருக்கத்தான் செய்யும். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங் விளிம்பில் ஆட்டத்தை அளந்து பாருங்கள். ஒரு அங்குலத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம், அதற்கு மேல் போனால் தேய்மானம். ஒருவரை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்கச் சொல்லிவிட்டுக் கீழே குனிந்து பார்த்தால் ஆட்டம் ஐட்லர் ஆர்ம் புஷ்ஷிலா (ஸ்டியரிங் இணைப்புக் கையின் ரப்பர்), டை ராடிலா (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். விற்கிறவர்கள் சிலர் பாக்ஸ் மேலே இருக்கிற திருகை இறுக்கி ஆட்டத்தை மறைப்பார்கள், அப்படிச் செய்த வண்டியில் வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, நாம்தான் இழுத்து வைக்க வேண்டும். இதைப் பிடிக்கப் போத்துண்டி தாண்டி நெல்லியாம்பதி ஏறும் ஹேர்பின் வளைவுகளைவிட நல்ல இடம் கிடையாது.

அப்புறம் வாளையார் – கஞ்சிக்கோடு ஹைவே. ஆடிக் காற்று கணவாய் வழியாகப் பக்கவாட்டில் அடிக்கும்போது கையைத் தளர்வாக வைத்து ஓட்டுங்கள். நல்ல வண்டி நேராகப் போகும், புஷ் போன வண்டியில் நீங்கள் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். 100 கி.மீ. வேகம் தொட 20 விநாடிக்கு மேல் ஆகும், அது கோளாறு இல்லை, அதன் சுபாவம்.

மீட்டர் பாக்ஸ்
சத்தம் எப்போது வருகிறது என்று பாருங்க தோப்புக்காரரே. வேகத்தடையில் மட்டும் என்றால் பின் ஷாக்கின் (ஷாக் அப்சார்பர்) மேல் ரப்பர் அல்லது சப்ஃப்ரேம் மவுண்ட் (பின் அச்சுச் சட்டத்தைப் பாடியோடு பிடிக்கும் ரப்பர்). கிளட்ச்சை விடும்போதும் வந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் (கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) இருக்கிற ரப்பர் டிஸ்க்கில் வெடிப்பு இருக்கலாம். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஒரு தடவை எழும்பி அடங்கணும், படகு மாதிரி ஆடிக்கொண்டே போனால் ஷாக் போய்விட்டது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் டயர். பக்கச் சுவரில் கடைசி நாலு எண் எந்த வாரம், எந்த வருஷம் தயாரித்தது என்று சொல்லும். பட்டன் தேயாமலே பத்து வருஷம் நின்று கல்லாகிப்போன டயரைப் போட்டுக்கொண்டு சஸ்பென்ஷனைத் திட்டுகிறவர்கள் நிறைய.

சித்தூர் மச்சான்
சொகுசு வேண்டுமென்றால் சீட்டைப் பாருங்கள்! உள்ளே சுருள் ஸ்பிரிங், அதன் மேல் குதிரைமுடித் திணிப்பு, நாள் முழுக்க உட்கார்ந்தாலும் இடுப்பு கேட்காது. டிரைவர் சீட் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் திணிப்பு நொறுங்கிவிட்டது என்று அர்த்தம், தரையில் தூளாகக் கொட்டியிருக்கும், மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். அதே கையோடு அங்கே துருவும் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிடுங்கள், நம்ம ஊர் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை சும்மா விடாது. புது ஃபோம் அடைத்துத் தைத்திருந்தால் எனக்குப் பிடிக்காது, வியர்க்கும், உயரமும் மாறிவிடும்.

சாவியைத் திருப்பியும் இன்ஜின் நிற்காமல் ஓடினால் பயப்படாதீர்கள். அந்த டீசலை நிறுத்துவதே வேக்குவம் (குழாய்களில் இருக்கும் வெற்றிட இழுவிசை) தான், எங்கோ குழாய் கசிகிறது, சின்னச் செலவு.

தோப்புக்காரன், கொழிஞ்சாம்பாறை
ரொம்ப நன்றி. வின்டேஜ் பதிவு செய்துகொள்ளலாம் என்றும் அவர் சொன்னார், அது நடக்குமா?

டீசல் கிழவன்
நடக்காது. 2021 விதிப்படி 50 வயது தாண்டணும், 84 மாடலுக்கு 2034 வரை சாதாரண ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பித்தல்தான். ஃபிட்னஸ் (வண்டி ஓடத் தகுதி என்ற சான்று) எப்போது முடிகிறது என்று கேட்டுவிட்டு, அடியில் இருக்கிற ரப்பர் சாமான் மொத்தமும் மாற்ற ஆகும் செலவைக் கழித்து விலை பேசுங்கள். பெயிண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.